மஞ்சள் தண்ணீரும் மிதக்கும் பிரிட்ஜும்

உதயரூபனிடம் யாராவது கிற்றார் ஒன்றை நீட்டினால் அவன் அதை வாசித்துப் பார்க்கமாட்டான். நிறம், கொம்பனிப் பெயர் எதையும் கவனிக்கமாட்டான். நேரே தந்திகளின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் வாமி பார் என்ற கைப்பிடியைப் பிடித்துக் கீழே அமுக்குவான். தந்திகள் தொய்ந்து சுரம் கீழே இறங்கும். கையை விட்டுவிட்டு, சுரம் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறதா என்று தலையைச் சாய்த்துக் கேட்பான். மயிரிழை குறைந்து நின்றாலும், "வேணாம், கொண்டு போங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவான். தன்னைப் பெண் பார்க்க வந்த நாளில் இந்த மனுசன் ஒரு கேள்வியும் கேட்காமல் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போனதை அவன் மனைவி வதனி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

வவுணதீவில் வீடு. பகலில் மட்டக்களப்பு டவுனில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடையில் வேலை. வார இறுதியில் பாசிக்குடா ஹோட்டல்களில் வெளிநாட்டுக்காரருக்கு வாசிப்பான். வைகாசி பிறந்தால் கோயில் மேடைதான். சுபாகரன் நடத்தும் இசைக்குழுவில் கிற்றார்க்காரன் அவன். ஊர்க் கண்ணகை அம்மன் கோயிலில் கதவு திறந்ததிலிருந்து கடைசி நாள் குளிர்த்திச் சடங்கு வரைக்கும் நடக்கும் திருவிழாவில் அவர்களுக்கு ஒரு நாள் நிகழ்ச்சி உண்டு. அதில் முதல் பாட்டு அம்மன் பாட்டு. அந்தப் பாட்டுக்காகத்தான் இத்தனை பைத்தியமும்.

கோயிலில் அம்மனின் காவியம் படிக்கிறவர்கள் ஒரு சொல்லைப் பிடித்து, அதை மெல்ல அமிழ்த்தி, பிறகு மேலே கொண்டுவந்து விடுவார்கள். உதயரூபனுக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த அமிழ்த்தலில் ஒரு கிறுக்கு. விரலால் தந்தியைத் தள்ளினால் சுரம் ஏறத்தான் செய்யும், நின்ற இடத்துக்குக் கீழே இறங்காது. வாமி பார் இருந்தால் இறங்கும். ஆனால் இறங்கியது திரும்பி வரவேண்டுமே. அந்த வகைக் கிற்றாரில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் மரத்தில் இறுக்கப்பட்டிருக்காது. ஒரு பக்கம் தந்திகள் இழுக்க, மறுபக்கம் கிற்றாரின் முதுகுக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகள் இழுக்க, இரண்டு ஆணிகளில் அதன் விளிம்பான கத்திவாய் மட்டும் தொட்டபடி நடுவில் மிதந்துகொண்டிருக்கும். அந்தக் கத்திவாயில் ஒரு பொட்டுத் துரு இருந்தாலும் போதும், சுரம் வீடு வந்து சேராது.

அவன் வாங்கிய ஒவ்வொரு கிற்றாரும் இப்படித்தான் கழுத்தறுத்தது. வாங்கும்போது திறமாக இருக்கும். ஹோட்டலில் மாதக்கணக்கில் ஒழுங்காக வாசிக்கும். கோயில் திருவிழா முடிந்து கொஞ்ச நாளில் ஆட்டம் காட்டத் தொடங்கும். அவன் கடையிலிருந்து கிளட்ச் ஸ்பிரிங் கொண்டுவந்து போட்டுப் பார்த்தான், கிறீஸ் பூசிப் பார்த்தான். கடைசியில் விற்றுவிட்டு அடுத்ததைத் தேடுவான். அவனைப் போலவே கிற்றார்ப் பித்துப் பிடித்தவர்கள் சேர்ந்த வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. பிரிட்ஜின் அடியில் பித்தளைக் கட்டை நல்லதா இரும்புக் கட்டை நல்லதா என்று அங்கே விடிய விடியச் சண்டை போடுவார்கள். சுவிஸிலிருந்து வந்தவர் விட்டுப்போன கிற்றார், கொழும்பில் ஒரு சேர்ச்சில் கிடந்த கிற்றார் என்று எங்கே என்ன இருக்கிறது என்பதெல்லாம் உதயரூபனுக்கு அத்துபடி. காலி நகரத்திலிருந்து ஒன்றை விற்ற மனிதருக்குப் போன் எடுத்து, "துருப்பிடிச்ச சாமான என்ட தலையில கட்டிப்போட்டீங்க" என்று ஏசியும் இருக்கிறான். அவர் அம்மாவாணை புதுச்சாமான்தான் என்று சத்தியம் பண்ணினார். அவன் நம்பவில்லை.

குற்றவாளியை அவன் பிடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலிக்காரரின் கிற்றாரை விற்பதற்காகக் குப்புறப் போட்டு முதுகு மூடியைக் கழற்றினான். ஸ்பிரிங்குகளின் அடியில் மஞ்சள் கறை படிந்திருந்தது. கத்திவாயிலும் அதே மஞ்சள், அதன் மேல் துரு. விரலால் சுரண்டி மணந்து பார்த்தான். சந்தேகமே இல்லை, கறி மஞ்சளின் மணம்.

நிகழ்ச்சி நாளில் வாத்தியங்களை அம்மன் வாசலில் வைத்துப் பூசை பண்ணுவது அவர்கள் குழுவின் வழக்கம். பூசை செய்யும் கப்புகனார் வந்து வேப்பிலையால் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். சுபாகரனின் கீபோர்டுக்கு மட்டும் ஒரு துளி, அதுவும் மூடியிருக்கும் துணியின் மேல். அதில் கரண்ட் ஓடுகிறதென்று எல்லோருக்கும் பயம். கிற்றார் மரம்தானே என்று அதற்கு நல்ல தாராளமாகக் கிடைக்கும். அம்மன் பேரில் தெளித்த தண்ணீரைத் துடைக்கக்கூடாது, தானாகக் காயவேண்டும். அப்படிக் காய்வதற்குள் நிகழ்ச்சி முடிந்து, அவன் ஈரத்தோடு பைக்குள் வைத்து, பயபக்தியோடு சிப்பை இழுத்து மூடி வீட்டுக்குக் கொண்டுவருவான். வருசா வருசம் தன் கிற்றாரைத் தானே கொன்றுகொண்டிருந்திருக்கிறான். யாரில் கோபப்படுவது என்று தெரியாமல் ஸ்க்ரூ ட்ரைவரை முற்றத்தில் எறிந்தான். வதனி அதை எடுத்துக்கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வைகாசிக்கு முன் குருநாகலில் ஒரு கிற்றார் அகப்பட்டது. பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தான். பாரை அமுக்கினால் இறங்கியது, விட்டால் வந்தது. எத்தனை தரம் அமுக்கினாலும் வந்தது. இவ்வளவு காலமும் தேடியது இதுதான் என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று. பூசை நேரம் வந்தபோது அதைச் சுபாகரனின் வானுக்குள்ளேயே விட்டுவிட்டான். "கிற்றார் எங்க மச்சான்?" என்று சுபாகரன் கேட்டதற்கு, "ஒரு வேலை கிடக்கு, பிறகு எடுக்கிறன்" என்று மழுப்பினான்.

பொழுதுபட நிகழ்ச்சி தொடங்கியது. அம்மன் பாட்டின் முதல் வரியை அவன் கிற்றாரில் எடுத்தான். சுரம் அமிழ்ந்தது, மேலே வந்தது, வந்த இடத்தில் அசையாமல் நின்றது. முன்னால் மணலில் இருந்த காவியக்காரர் ஒருவர் தலையாட்டினார். உதயரூபனுக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டாம் சரணத்தில், போட்டு இரண்டு நாள்கூட ஆகாத மெல்லிய தந்தி பட்டென்று அறுந்தது.

சாதாரணக் கிற்றார் என்றால் மிச்சம் ஐந்து தந்தியில் ஒப்பேற்றிவிடலாம். மிதக்கும் பிரிட்ஜில் ஒன்று அறுந்தால் ஸ்பிரிங்குகளின் கை ஓங்கிவிடும். மற்ற ஐந்தும் சுருதி தப்பி மேலே ஏறிவிடும். அப்படியே ஏறியது. பாடியவன் நின்றுவிட்டான். சனம் நடுவிலிருந்து யாரோ ஒரு பெண், "அம்மாட வாசல்ல வைக்காத சாமான்" என்று சொன்னது மேடை வரைக்கும் கேட்டது. அவன் கிற்றாரை வைக்கவில்லை என்பது எப்படி எல்லோருக்கும் தெரிந்தது என்பதுதான் அவனுக்கு விளங்கவில்லை.

"கம்பி அறுறது எங்கயும் நடக்கிறதுதானே" என்று அவன் வானில் வரும்போது சுபாகரனிடம் சொன்னான்.

"எனக்கு விளங்குது. சனத்துக்கு விளங்கணுமே" என்றான் சுபாகரன்.

அத்தோடு போயிருக்கும். ஆனால் கோயில் கதவு சாத்திய பிறகு மகள் மேனுகாவுக்குக் காய்ச்சல் வந்து, அடுத்த நாள் உடம்பெல்லாம் கொப்புளம் போட்டது. அம்மாள் வருத்தம் என்னும் அம்மை நோய். வீட்டு வாசலில் வேப்பிலை கட்டினார்கள். அவள் வகுப்பில் வேறு பிள்ளைகளுக்கும் அதே வருத்தம் வந்திருப்பதாக உதயரூபன் சொன்னான். வதனி கேட்டுக்கொண்டே வேப்பிலையால் மகளை வீசினாள். பிள்ளை சுகமாகித் தலைக்குத் தண்ணீர் வார்த்த அன்றுதான் விசயத்தைச் சொன்னாள்.

"நான் அம்மாக்கு ஒரு நேத்திக்கடன் வச்சிருக்கன். வாற வருசம் உங்கட கிற்றாரக் கொண்டு போய் அம்மாக்கு முன்னால வச்சு, ஒரு செம்புத் தண்ணி முழுசா ஊத்துறது எண்டு."

"தெளிக்கிறதே கூடிப்போச்சு. ஊத்துறதா?"

"புள்ள கிடந்த கிடைக்கு எனக்கு வேற ஒண்டும் வாயில வரல்ல" என்றாள் அவள்.

அந்த ஒரு வருசம் அந்தக் கிற்றார் வாசித்த வாசிப்பை என்னவென்று சொல்வது. பாசிக்குடாவில் ஒரு ஜெர்மன்காரர் விலைக்குக் கேட்டார். வாட்ஸ்அப் குழுவில் அவன் போட்ட வீடியோவைப் பார்த்துக் காலிக்காரர்கூடப் பகையை மறந்து வாழ்த்தினார். ஒவ்வொரு முறை பார் திரும்பி வரும்போதும் அவனுக்குச் சந்தோசமும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. மாசி, பங்குனி என்று நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன. பழைய கிற்றார் ஒன்றைக் கொண்டுபோனால் என்ன என்று மெல்லக் கேட்டுப் பார்த்தான். "அம்மாக்குத் தெரியாதா?" என்றாள் வதனி. பிரிட்ஜைக் கழற்றிவிட்டு மரத்தை மட்டும் கொண்டுபோகலாம் என்றான். "உங்களுக்கு முடி எடுக்கிற நேத்தி வச்சிருந்தா, தொப்பியக் கழட்டிக் குடுத்துப்போட்டு வருவீங்களா?" என்று கேட்டாள்.

வைகாசி வந்தது. அம்மன் வாசலில் நீண்ட வரிசை. கரும்புத் தொட்டில் சுமந்தவர்களும் காவடிக்காரரும் நிற்க, நடுவில் அவன் கிற்றாரோடு நின்றான். மேனுகா அவன் சேர்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் நெற்றியில் ஒரு தழும்பு மட்டும் மிச்சமிருந்தது. கப்புகனாருக்கு அவன் முகத்தைப் பார்த்ததும் ஏதோ விளங்கியிருக்கவேண்டும்.

"கொஞ்சமாத் தெளிச்சு விடட்டா தம்பி? அதுவும் நேத்திதான்" என்று தணிந்த குரலில் கேட்டார்.

ஓம் என்று சொன்னால் முடிந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வதனி அவனைப் பார்க்கவில்லை, மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். அந்தக் கை நெற்றித் தழும்பில் போய் நின்றது.

"இல்ல ஐயா, சொன்னபடி ஊத்துங்க" என்றான்.

செம்பு சரிந்தது. மஞ்சள் தண்ணீர் தந்திகளில் வழிந்து, ஆணிகள் இரண்டையும் நனைத்து, பிரிட்ஜைச் சுற்றியிருந்த இடைவெளியால் உள்ளே இறங்கியது. ஸ்பிரிங்குகளுக்குள் அது தேங்குவது அவனுக்குக் கையில் பாரமாகத் தெரிந்தது. சட்டைப் பையில் துடைக்கக் கைலேஞ்சி இருந்தது. கை அங்கே போய்விடக்கூடாதென்று கிற்றாரைத் தோளில் தொங்கவிட்டு இரண்டு கையையும் கூப்பினான். பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினான். இது போனால் போகட்டும், இத்தோடு கணக்குத் தீர்ந்தது, இனி நானும் அம்மாவும் சரி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான். கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

பக்கத்தில் வதனி கும்பிட்டு முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் காதருகே குனிந்தாள். அவள் முகம் ஒரு வருசத்துக்குப் பிறகு தெளிந்திருந்தது.

"புள்ளைக்கு இனி ஒண்டும் வராது. வருசா வருசம் கொண்டுவந்து ஊத்துவம் எண்டு இப்ப சொல்லிப்போட்டன்" என்றாள்.