பிரேக் ஆயிலில் ஊறிய தீ

என் நண்பர் தம் கையால் கடைசியாக வண்ணம் தீட்டிய காரை நான் பிரேக் ஆயிலில் ஊறப்போட்டேன். கார் என்றதும் யாரும் பதற வேண்டாம். மொத்த நீளம் ஒரு சாண்கூட இராது, பிளாஸ்டிக். கடைசி என்ற சொல்லுக்கு வேண்டுமானால் பதறலாம். அது கடைசி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் மனைவிக்கும் தெரிந்திருந்தது. வாரம் தவறாமல் எதிரே உட்கார்ந்து டீ குடித்த எனக்குத்தான் தெரியவில்லை.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள். இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி அவருக்கு ஹார்டுவேர் கடை. நான் முதல்முறை போய்க் கேட்டது ஆயிரத்து இருநூறாம் நம்பர் வாட்டர் பேப்பர், ஒரே ஒரு தாள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள் அது. அந்த நம்பர் என்றால் கன்னத்தில் தேய்த்தாலும் வலிக்காத அளவுக்கு நைசாக இருக்கும்.

“கார் பட்டறை வெச்சிகீறீங்களா சார்?”

“இல்லை, வீட்டுக்குத்தான்.”

“வூட்ல இத வெச்சி இன்னாத்த தேய்ப்பீங்க? கொசுவுக்கு பாலிஷா?”

பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் காரை எடுத்துக் காட்டினேன். அவர் கல்லாவை விட்டு எழுந்து, அதை வெளிச்சத்தில் பிடித்து, ஐந்து நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கூரைய யாரு அறுத்தா?”

“நான்தான்.”

“ஒரு பக்கம் தாழ்ந்து கீது. கழுத்து புடிச்சிகினா மாதிரி.”

உண்மைதான். ஆறு மாதமாக அலமாரியில் வைத்து நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த காரின் குறையை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். எனக்கு ரோஷம் வந்திருக்க வேண்டும். சிநேகிதம்தான் வந்தது. நான் அவரை பாய் என்று கூப்பிட்டேன். பேன்ட் போட்டு வருகிற எல்லோரும் அவருக்கு சார் என்பதால் மூன்று மாதம் நானும் சாராக இருந்தேன். பிறகு ஒருநாள், எந்த அறிவிப்பும் இல்லாமல், மச்சான் ஆனேன்.

அந்தக் கார்களைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஹாட் ராட் என்பார்கள். ஒரு காலத்தில் அமெரிக்க இளைஞர்கள் பழைய காரைச் சல்லிசாக வாங்கி, மட்கார்டைக் கழற்றி எறிந்து, கூரையை அறுத்துத் தாழ்த்தி, பெரிய எஞ்சினைத் திணித்து, முன்பக்கம் தீப்பற்றி எரிவது போல ஆரஞ்சு நிறத்தில் ஜுவாலை வரைந்து ஓட்டினார்கள். தாம்பரத்து ஷேர் ஆட்டோக்காரர்களுக்கு வசதி இருந்திருந்தால் அவர்களும் இதையேதான் செய்திருப்பார்கள். அந்தக் கார்களின் சின்ன வடிவம், நூறு நூற்றிருபது பாகங்களாக அட்டைப் பெட்டியில் வரும். பெட்டியில் சொன்னபடி ஒட்டினால் அது பொம்மை. சொன்னதை மீறி அறுத்து, இன்னொரு பெட்டியின் எஞ்சினை இதற்குள் வைத்து, இஷ்டத்துக்கு மாற்றினால் அது கலை. நாற்பதைத் தாண்டிய இரண்டு ஆண்கள் தங்களுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். அமெரிக்காவில் இருந்த என் ஒன்றுவிட்ட தம்பி ஊருக்கு வரும்போதெல்லாம் சாக்லேட்டுக்குப் பதிலாக இந்தப் பெட்டிகளைக் கொண்டுவருவான். என் மனைவி அவனைக் கடைசிவரை மன்னிக்கவில்லை.

ஞாயிறு மதியம் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, கடையின் பின்பக்கம் தின்னர் டின்களுக்கு நடுவே உட்காருவோம். அறுப்பதும் ஒட்டுவதும் என் வேலை. பெயின்ட் அவருடையது. ஒருமுறை நான் சூப்பர் க்ளூ போட்டு முன்கண்ணாடியை ஒட்ட, அதன் ஆவி பட்டுக் கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்ததுபோல ஆகிவிட்டது. “ஊட்டிக்குப் போய்கினு கீது மச்சான் வண்டி” என்றார். மழைக்காலத்தில் அவர் அடித்த கறுப்பு பெயின்ட் ஈரக் காற்றில் வெளிறிச் சாம்பலானபோது, பதிலுக்கு நானும் ஏதோ சொன்னேன். அது அவ்வளவு நன்றாக இல்லை என்பதால் மறந்துவிட்டேன்.

மற்றபடி அவர் கையைக் குறை சொல்ல முடியாது. நாலு முடி மட்டுமே உள்ள பிரஷ்ஷால், ஒரே மூச்சில், முன்பக்க மூக்கிலிருந்து கதவுவரை தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு இழுப்பார். இழுத்து முடித்துத்தான் மூச்சு விடுவார். நானும் கூடவே மூச்சைப் பிடித்திருப்பேன்.

ஐந்தாறு வருடம் இப்படிப் போயிற்று. அப்புறம் அவர் பாதி கிளாஸ் டீ போதும் என்று சொல்லத் தொடங்கினார். சர்க்கரை வியாதி போல என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் எதிரில் பிரஷ் எடுப்பதை விட்டுவிட்டு, “வூட்லயே போட்டுக்கறேன் மச்சான், இங்க தூசு” என்றார். தூசுதான் என்று நம்பினேன். பேசும்போது வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். புது ஸ்டைல் என்று நினைத்தேன். மனிதர்களைக் கூர்ந்து கவனிப்பவன் என்று என்னைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் உண்டு. நாலு பேர் அதைச் சொல்லியும் இருக்கிறார்கள்.

காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி விழாவில், பொழுதுபோக்காக மாடல் செய்பவர்களுக்கு ஒரு கூடம் ஒதுக்குவதாக எங்கள் தெருப் பையன் ஒருவன் சொன்னான். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு மேஜை. நான் இரண்டு கார்களை வைப்பதாகவும், அவர் ஒரு கறுப்பு ரோட்ஸ்டரை, அதாவது கூரையே இல்லாத காரை, முழுக்கத் தம் கைவேலையாக, தீ ஜுவாலையோடு வைப்பதாகவும் ஏற்பாடு. அவர் முடிக்க ஏகப்பட்ட நாள் எடுத்துக்கொண்டார். கேட்டால் “ஆய்கினே கீது” என்பார். விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஸ்வீட் பெட்டியில் பஞ்சு வைத்து, காரை என்னிடம் கொடுத்தார்.

“ஒரு வாரம் வேலூர்ல வேலை கீது மச்சான். நேரா அங்கேர்ந்து விழாவுக்கு வந்துடறேன். பத்திரமா வெச்சிரு. தூசு மட்டும் தட்டு.”

“வேலூரில் இருப்பது கோட்டையும் சிறைச்சாலையும்தான். உங்களை எதில் வைக்கப் போகிறார்கள்?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். வேலூரில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒருவர் வேலூருக்கு ஒரு வாரம் போகிறார் என்றால் ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறார் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எனக்கு என் ஜோக்கைச் சொல்லி முடிக்கிற அவசரம்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். ஜுவாலைகள் கோணல்மாணலாக இருந்தன. ஓரத்துக் கோடுகள் அலையலையாக நெளிந்தன. ஒரு நாக்கு நீண்டிருந்தது, பக்கத்தில் இருந்தது குட்டையாக முறிந்து நின்றது. சில இடங்களில் ஆரஞ்சு கோட்டைத் தாண்டிக் கறுப்புக்குள் கசிந்திருந்தது. அவசரத்தில் செய்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். இதைப் போய்க் கல்லூரிப் பிள்ளைகள் முன்னால் வைத்தால் சிரிப்பார்களே, பாய் மனசு கஷ்டப்படுமே என்று இரண்டு நாள் கவலைப்பட்டேன். அவருக்காகக் கவலைப்பட்டதாகத்தான் ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கோடுகளுக்குப் பக்கத்தில் என் பெயர் இருப்பதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது எழுதுகையில் அதை ஒளித்து ஆகப்போவது ஒன்றும் இல்லை.

பிளாஸ்டிக் காரில் பெயின்ட்டைக் கழற்ற மாடல் செய்கிற எல்லோரும் செய்வது ஒன்றுதான். பிரேக் ஆயிலில் ஊறவைத்தால் பெயின்ட் உரிந்துவிடும், பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது. வியாழக்கிழமை காலை காலி ஐஸ்கிரீம் டப்பாவில் ஆயிலை ஊற்றிக் காரை உள்ளே இறக்கினேன்.

“தூசுதானே தட்டச் சொன்னார்?” என்றாள் மனைவி.

“உனக்கு இது புரியாது.”

“எனக்குப் புரியாதுதான். அவர் சொன்னது புரிஞ்சுது.”

ஆபீஸ் போய்விட்டு வந்தேன். எண்ணெயின் மேல் ஆரஞ்சும் கறுப்புமாகச் செதில்கள் மிதந்தன. பழைய பல்விளக்கும் பிரஷ்ஷால் மீதியைத் தேய்த்து, டப்பாவை வாசல் சாக்கடையில் கவிழ்த்தேன். அடுத்த ஐந்து நாளில், மறுபடி கறுப்படித்து, டேப் ஒட்டி, அட்டையில் வெட்டிய அச்சு வைத்து, இரண்டு பக்கமும் ஒன்றுபோல, நேர்த்தியாக, புதுத் தீ போட்டேன். என் வாழ்நாளில் நான் போட்ட மிக நல்ல பெயின்ட் அதுதான்.

விழாவன்று பாய் மனைவியோடு வந்தார். ஒரு வாரத்தில் இளைத்திருந்தார். எங்கள் மேஜையைச் சுற்றி நாலைந்து மாணவர்கள். அவர்களில் ஒருவன் பாயிடம், “அங்கிள், இந்த பிளாக் கலர் வண்டி உங்களுதா? பிளேம்ஸ் செம அங்கிள்!” என்றான்.

பாய் குனிந்து பார்த்தார். முதலில் வலது பக்கம். பிறகு மேஜையைச் சுற்றி வந்து இடது பக்கம். நான் அவர் முகத்தில் சந்தோஷம் வருவதற்காகக் காத்திருந்தேன். இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் சிரித்துக்கொண்டே காத்திருந்தேன்.

“நான் போட்டது இல்லப்பா. சார் போட்டது” என்றார் அந்த மாணவனிடம்.

பிறகு, வெளியே காற்றாட நிற்பதாகச் சொல்லிப் போனார். அவர் மனைவி நின்றார். அதிகம் பேசாதவர். என்னிடம் அதற்கு முன் மொத்தமாகப் பத்து வாக்கியம் பேசியிருப்பார்.

“ஏண்ணா இப்படிப் பண்ணீங்க?”

“கொஞ்சம் கோணலா இருந்தது. அதான் நானே…”

“கை நடுங்குதுண்ணா அவருக்கு. ஒரு வருஷமா. இந்த நோய் வயசானவங்களுக்குத்தான் வருமாம், இவருக்கு நாப்பத்தஞ்சுலயே வந்துடுச்சு. காலைல தொழுதுட்டு வந்து உக்காந்தா ஒரு கால்மணி நேரம் கை கொஞ்சம் அடங்கியிருக்கும். அதுல ஒரு கோடு. அவர் முழங்கையை நான் ரெண்டு கையாலயும் புடிச்சிக்குவேன். நாப்பது நாளுக்கு மேல ஆச்சு. டாக்டருகிட்ட போலாம்னா, இத முடிச்சிட்டு வரேன், மாத்திரை போட்டா தூக்கம் வரும், அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாதுன்னாரு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னுட்டாரு. நீங்க பார்த்துட்டு என்ன சொல்றீங்கன்னு கேக்கணும்னு ஆசை.”

கூடத்தில் யாரோ மைக்கில் சோதனை, சோதனை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து நான் செய்தது அதைவிடக் கேவலம். என் நேர்த்தியான தீயையும் கழற்றிவிட்டு, அவருடைய தீயைத் திரும்பப் போட முயன்றேன். போட்டோ எடுத்து வைக்கவில்லை. எந்த நாக்கு நீளம், எந்த நாக்கு குட்டை என்று ஞாபகத்தைத் தோண்டினேன். என் கோடு நெளிய மறுத்தது. இடது கையால் இழுத்தேன். தூக்கமில்லாமல், சாப்பிடாமல் இழுத்தேன். தாம்பரத்திலிருந்து கிண்டிவரை மின்சார ரயிலில் மடியில் அட்டையை வைத்து, ஆட்டத்தில் கோடு போட்டுப் பழகினேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் இடம் மாறிப் போய்விட்டார்.

“என்ன பண்றீங்க?” என்று கேட்டாள் மனைவி.

“கை நடுங்கப் பழகறேன்.”

அவள் வழக்கமாக ஏதாவது குத்திச் சொல்வாள். அன்று அட்டையை என் பக்கம் திருப்பி வைத்தாள். அட்டையைப் பார்த்தேன். ஒரு மனிதர் நொண்டுவதைப் பின்னாலேயே போய் நடித்துக் காட்டுகிற தெருப் பையனின் வேலை போல இருந்தது. அவருடைய கோட்டில் நேராகப் போக ஒரு பிடிவாதம் இருந்தது. ஒவ்வொரு நெளிவும் ஒருமுறை தோற்று, மறுபடி நேராகப் பார்த்த இடம். நேராகப் போடத் தெரிந்தவன் அதைப் போட முடியாது. மேலும், நெருப்பு அச்சு வைத்து எரிந்து நான் பார்த்ததில்லை. இதெல்லாம் தோன்றியது பிற்பாடு. எனக்கு எல்லாம் பிற்பாடுதான் தோன்றும்.

ஒரு ஞாயிறு மதியம், பெயின்ட் இல்லாத வெறும் காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பாதி ஷட்டர். மாத்திரையின் மயக்கத்தில் கண் செருக உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்க வீட்டில் இரண்டு மூன்று வாக்கியம் தயார் செய்திருந்தேன். அதற்குப் பதிலாகக் காரை ஸ்டூல் மேல் வைத்தேன். அவர் அதைக் கையில் எடுத்தார். எடுத்ததும் அதன் சக்கரங்கள் கடகடவென்று ஆடின. அவர் அதை மறைக்கவில்லை.

“எதுல போட்ட?”

“பிரேக் ஆயில்ல.”

“எத்தினி நேரம்?”

“காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும்.”

“எந்தப் பக்கம் மொதல்ல போச்சு?”

இப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்லலாமா என்றும் யோசித்தேன். எது பொய், எது அவருக்கு ஆறுதல் என்று தெரியவில்லை.

“வலது பக்கம். நான் வந்து பார்க்கறப்போ தானாவே உரிஞ்சு மிதந்துது.”

“எடது?”

“அது லேசுல வரலை. மூணு தடவை தேய்க்க வேண்டியிருந்தது. கதவுகிட்ட ஒரு இடம், நகத்தால சுரண்டினேன்.”

அவர் தலையை ஆட்டினார். முகத்தில் ஒரு கணம், வேலை தெரிந்தவன் தன் வேலையைப் பற்றிக் கேட்கும்போது வருகிற அந்தத் திருப்தி வந்தது.

“வரக்கூடாது. எடது பக்கம் ஒவ்வொரு கோட்டுக்கும் ரெண்டு நாள் காயவெச்சேன்” என்றார்.

யாரோ ஷட்டருக்கு அடியில் குனிந்து, “பாய், அரை இஞ்சு ஆணி இருக்கா?” என்று கேட்டார்கள். அவர் காரை ஸ்டூலில் வைத்துவிட்டு எழுந்து போனார். ஆணி கேட்டவர் வாங்கிக்கொண்டு போனபிறகும் கல்லாவிலேயே நின்றார். நான் கிளம்புகிறவரைக்கும் பின்பக்கம் வரவில்லை.