சன்னலில் தொங்கிய சிவப்புத் துண்டு

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு புரட்டாசி மாதப் பகல். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே என் மனைவி பிரசவ வலியில் இருந்தாள். தலைப்பிரசவம். துணைக்கு ஒரு பெண்தான் உள்ளே இருக்கலாம் என்பதால் என் மாமியார் போய்விட்டார். எனக்குக் கிடைத்தது தாழ்வாரமும், கம்பி போட்ட ஒரு சன்னலும்தான்.

அந்தச் சன்னலுக்கு வெளியே, வேலியைத் தாண்டினால் நெல் கொள்முதல் நிலையம். குறுவை அறுப்பு முடிந்த நேரம். களம் முழுக்கக் குவியல் குவியலாக நெல் கிடந்தது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. நெல் நனைந்துவிட்டால் ஈரம் அதிகம் என்று எடுக்க மாட்டார்கள். அப்படியே கிடந்தால் முளைத்தும் விடும். அதனால் தூற்றுகிற மிஷின் காலையிலிருந்து ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதற்கே கத்த வேண்டும்.

அங்கே பிரசவம் பார்க்கும் சிஸ்டர் எங்களுக்குப் பழக்கமானவர். மாதாமாதம் பரிசோதனைக்கு வரும்போது, கையடக்கமான ஒரு கருவியை வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பை எங்களுக்கும் கேட்க வைப்பார். தூரத்து வயலில் ஆயில் இன்ஜின் ஓடுவது போல 'டுகுடுகுடுகு' என்று கேட்கும். அதைக் கேட்ட முதல் நாள் நானும் மனைவியும் வீடு போய்ச் சேரும்வரை அதையே மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனோம்.

அன்றைக்கென்று அந்தக் கருவி உயிர் பெறவில்லை. பேட்டரி மாற்றிப் பார்த்தும் பயனில்லை. சிஸ்டர் அலட்டிக்கொள்ளாமல், சின்னப் புனல் போன்ற ஒரு குழலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஒரு முனை வயிற்றில், மறு முனை அவர் காதில். ஒவ்வொரு வலி வந்து போனதும் குழந்தையின் துடிப்பைக் கேட்டாக வேண்டுமாம். வலி இறுக்கும்போது குழந்தைக்குப் போகிற ரத்தம் குறையும்; அதைக் குழந்தை தாங்குகிறதா என்று அந்தத் துடிப்புதான் சொல்லுமாம்.

கொஞ்ச நேரத்தில் சிஸ்டர் வெளியே வந்தார்.

"தம்பி, ஓடிப் போயி அந்த மிஷினக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. வயித்துல காத வச்சா நெல்லு தூத்துறதுதான் கேக்குது. கொழந்த சத்தம் பிடிபட மாட்டேங்குது."

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். தாலுகா ஆபீசோ, பேங்கோ, யாரிடம் என்ன பேச வேண்டுமானாலும் என்னைத்தான் அனுப்புவார்கள். போகிற வழியிலேயே பேச வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொள்வது என் வழக்கம். அன்றைக்கும் 'ஐயா, ஒரு சின்ன உதவி' என்று அடுக்கிக்கொண்டேதான் ஓடினேன். களத்தில் கால் வைத்ததும் எல்லாம் பறந்துவிட்டது.

"கொழந்த நெஞ்சு சத்தம் கேக்கலைங்க!" என்று கத்தினேன்.

மிஷின் நின்றது. மூட்டை தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் அப்படியே நின்றார்கள். சுமைதூக்கும் ஆட்களின் தலைவர் தலையில் கட்டியிருந்த சிவப்புத் துண்டை மெதுவாக அவிழ்த்தார். நெல் கூட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு, "ஐயோ, மாரியாத்தா!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அப்போதுதான் நான் சொன்னது எப்படிக் கேட்டிருக்கிறது என்று எனக்கு உறைத்தது.

"இல்லைங்க, இல்லைங்க! கொழந்த நல்லாருக்கு. மிஷின் சத்தத்துல சிஸ்டர் காதுக்குத்தான் கேக்கல!"

"அடப்பாவி! அத இப்படியா வந்து சொல்லுவ? பேன்ட் சட்டையெல்லாம் போட்டுருக்க, ஒரு சேதிய ஒழுங்கா சொல்லத் தெரியல. எனக்கு உசுரு போயி உசுரு வந்துச்சு!" என்று அந்த அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

அதற்குள் சன்னலில் சிஸ்டரின் முகம் தெரிந்தது. "கேட்டுட்டேன், நல்லாருக்கு!" என்றார். கூடவே, "ஆனா ஒவ்வொரு வலிக்கும் கேக்கணும். அப்பப்ப நிறுத்தித் தருவாங்களான்னு கேளுங்க" என்றார்.

சிரிப்பு அடங்கிவிட்டது. எல்லோரும் முதலில் மேகத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒரு விவசாயியைப் பார்த்தார்கள். மிஷினில் அதுவரை ஓடிக்கொண்டிருந்தது அவருடைய நெல். நாள் கணக்கில் களத்திலேயே படுத்துக்கிடந்து, அன்று காலையில்தான் சண்டை போட்டு முறை வாங்கியிருந்தார். குவியலில் பாதிகூடத் தீரவில்லை. அவருக்குப் பின்னால் இன்னும் எத்தனையோ குவியல்கள்.

"ஏன் எல்லாரும் என் மூஞ்சியவே பாக்குறீங்க? நான் என்ன வேணாம்னா சொல்லப்போறேன்? நெல்லு நனைஞ்சா திரும்பக் காயப்போட்டுக்கலாம். நிறுத்துறப்ப நிறுத்துங்கய்யா" என்றார் எரிச்சலாக. எரிச்சல் யார் மேல் என்று தெரியவில்லை. மேகத்தின் மேலாக இருக்கலாம்.

சுமைதூக்கும் தலைவர் தன் துண்டை என் கையில் திணித்தார். "ஒவ்வொரு தடவையும் நீ ஓடியாந்து எங்கள பயமுறுத்த வேணாம். இத சன்னல்ல தொங்க விடு. இது தொங்குனா மிஷின் நிக்கும். எடுத்தா ஓடும்."

அப்படித்தான் நடந்தது. உள்ளேயிருந்து சிஸ்டர் "தம்பி!" என்பார். நான் துண்டைக் கம்பியில் தொங்கவிடுவேன். அடுத்த கணம் களம் அடங்கிவிடும். கதவுக்குப் பின்னால் சிஸ்டர் குழலில் காது வைத்துக் கேட்டு முடித்ததும், "ம்" என்பார். துண்டை எடுப்பேன். மிஷின் உறுமத் தொடங்கும்.

மதியத்துக்கு மேல் ஒரு தடவை அந்த "ம்" வரவில்லை.

"இடது பக்கமா திரும்பிப் படும்மா. மூச்ச நல்லா இழுத்து விடு. ஒண்ணுமில்ல, நான் இருக்கேன்ல" என்று சிஸ்டரின் குரல் மட்டும் கேட்டது. மாமியார் கதவைத் திறந்து, "துடிப்பு கொறையுதாம். நூத்தியெட்டுக்கு போன் போடச் சொல்றாங்க" என்றார். போட்டேன். வண்டி கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள். துண்டு தொங்கிக்கொண்டே இருந்தது.

வேலிக்கு அப்பால் நின்றவர்களுக்கு விவரம் எதுவும் தெரியாது. துண்டு இறங்கவில்லை என்பது மட்டும்தான் தெரியும். அதுவே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஒருவரும் அசையவில்லை. அந்த அமைதியில் பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் மதகைத் தாண்டி விழுகிற சத்தம் கேட்டது. அந்த இடத்தில் மதகு இருப்பதையே அன்றுதான் கவனித்தேன்.

"ஏறிருச்சும்மா! நல்லா ஏறிருச்சு!" என்றார் சிஸ்டர். துண்டை எடுக்கப் போனேன். "எடுக்காதீங்க தம்பி! இனிமே விடாம கேட்டுக்கிட்டே இருக்கணும். தல எறங்கிருச்சு" என்று குரல் வந்தது.

அந்த நேரம் பார்த்துத் தூறல் விழுந்தது.

மழை வந்தால் நெல் களம் எப்படி இருக்கும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 'ஏய் புடி, இழு, அந்த ஓரத்தப் பாரு' என்று ஊரே அலறும். அன்றைக்கு ஒரு குரல்கூட எழவில்லை. சன்னலைப் பார்த்தார்கள். துண்டு தொங்கியது. கையால் சைகை காட்டிக்கொண்டு, தார்ப்பாய்களைத் தரையில் இழுக்காமல் தூக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொரு குவியலாக மூடினார்கள். கல் வைக்கும்போதுகூடப் போடாமல் குனிந்து வைத்தார்கள். என்னைத் திட்டிய அம்மா, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். 'என்ன ஆச்சு?' என்று தலையை மட்டும் ஆட்டினார். 'தெரியல' என்று நானும் தலையை ஆட்டினேன். நான் கண்ணால் பார்க்காத என் குழந்தைக்காக, என்னைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடத் தெரியாத அத்தனை பேரும் மழையில் வாய்மூடி வேலை செய்தார்கள். எனக்குக் கை எடுத்துக் கும்பிடத் தோன்றியது. கம்பியை விட்டுக் கையை எடுக்கத்தான் முடியவில்லை.

திடீரென்று உள்ளேயிருந்து ஒரு அழுகை. மெலிசாகத் தொடங்கி, வீறிட்டு எழுந்தது.

"பொம்பளப் புள்ள! ரெண்டு பேரும் நல்லாருக்காங்க!" என்றார் சிஸ்டர். அதைக் களத்துக்குச் சொல்லத் தேவையே இருக்கவில்லை. அவ்வளவு நேரம் அடக்கிவைத்த சத்தத்தையெல்லாம் சேர்த்து அவர்கள் போட்ட கூச்சலில் என் மகளின் அழுகையே அமுங்கிவிட்டது. "மெதுவாய்யா, புள்ள பயந்துறப்போவுது!" என்று அந்த அம்மாதான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினார். பிறகு வந்து சேர்ந்த ஆம்புலன்ஸில் தாயையும் பிள்ளையையும் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

ஊர் திரும்பியதும் துண்டைத் துவைத்து எடுத்துக்கொண்டு, மிட்டாயோடு களத்துக்குப் போனேன். அந்த விவசாயி நனைந்த நெல்லை வெயிலில் பரப்பிக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். நான் மன்னிப்பு கேட்க வாயெடுக்கும் முன்பே, "என்னப்பா, இப்பவாச்சும் சத்தம் கேக்குதா?" என்றார்.

"ராத்திரி பூரா கேக்குதுங்க" என்றேன். மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தார்.

இப்போதும் மகள் தூங்கும்போது சில நாள் மின்விசிறியை நிறுத்திவிட்டு அவள் நெஞ்சில் காது வைப்பேன். அன்றைக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டது சிஸ்டரின் காது மட்டும்தான். ஆனால் அது கேட்பதற்காகத் நெல் நனைந்தாலும் பரவாயில்லை என்று மிஷினை நிறுத்தி வாய்மூடி நின்றவர்களின் மௌனமும் அதோடு சேர்ந்து எனக்குக் கேட்கிறது.