ஜூலியாவின் சர்வர், டேவிட்டின் நம்பர்

ஜூலியாவைப் பற்றி எழுதச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. வயிறு எரிகிறது, எழுதுகிறேன். நான் கலையரசி. கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். சாதிச் சான்றிதழ், பட்டா, பரீட்சை விண்ணப்பம் என்று கூட்டம் ஓயாது. அடுத்த மேசையில் ஐந்து வருடமாக வேலை பார்ப்பவள் ஜூலியா. வயது இருபத்தெட்டு. வீடு மலையடிவாரத்தில். அப்பா இறந்த பிறகு அம்மா இஞ்ஞாசியம்மாளும் அண்ணன் டேவிட்டும்தான் அவளுக்கு.

கடையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. ஆன் செய்தால் கால் மணி நேரம் சுற்றும். பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றேன். “என்கிட்ட குடுங்கக்கா, விண்டோஸ எடுத்துட்டு லினக்ஸ் போட்டுப் பாக்கறேன்” என்றாள். அது என்ன சாமான் என்றே எனக்குத் தெரியாது. மறுநாள் பார்த்தால் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. மௌஸைத் தொடவே மாட்டாள். ஒரு வரி அடிப்பாள், பதில் வரும், அடுத்த வரி அடிப்பாள். கூட்டம் குறைந்தால் போதும், அதன் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாள்.

ஒருநாள் தப்பான ஃபோல்டரில் நின்றுகொண்டு அழிக்கும் கட்டளையை அடித்துவிட்டாள். கஸ்டமர் போட்டோ நானூறும் போயே போச்சு. “கண்ணு பொடனியிலயா இருக்கு உனக்கு?” என்று கடையே அதிரக் கத்தினேன். அழுது முடித்துவிட்டுச் சொன்னாள்: “இது ‘நெஜமாவா?’ன்னு கேக்காதுக்கா. சொன்னா செஞ்சுடும். நாமதான் எங்க நிக்கிறோம்னு பாத்துக்கணும்.” அன்றிலிருந்து எங்கே இருக்கிறோம் என்று பார்க்காமல் ஒரு எழுத்து அடிக்க மாட்டாள். தினமும் மதியம் கடை ஃபைல்களெல்லாம் தானாகவே நகல் ஆகும்படியும் செய்துவைத்தாள். திட்டியதற்கு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

இரண்டு வருடத்தில் எங்கேயோ போய்விட்டாள். ஒரு ஃபைலை யார் படிக்கலாம், யார் திருத்தலாம், யாருக்கு எல்லா அதிகாரமும் என்று பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். “ரொம்ப அறுக்காதடி” என்பேன். சிரிப்பாள். பிறகு கிளவுட். மும்பையில் எங்கோ இருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு துண்டை வாடகைக்கு எடுத்து, இங்கிருந்தே நடத்துவது; அதைத்தான் சர்வர் என்பாள். நம் ஊரில் கரண்ட் போனாலும் அது ஓடும்.

அதில் அவள் ஏற்றியது மரவள்ளிக்கிழங்குக்காரர்களுக்கான ஒரு இணையப் பக்கம். மலையில் கிழங்கு பிடுங்கினால் மூன்றாம் நாளே கறுக்க ஆரம்பித்துவிடும். கீழே ஜவ்வரிசி மில்லில் வண்டிகள் வரிசையில் நின்றால் தீர்ந்தது கதை. எந்த மில்லில் எத்தனை வண்டி நிற்கிறது என்று லோடு வண்டி ஓட்டும் வேடியப்பன் கடை ஃபோனில் சொல்வார், இவள் பக்கத்தில் ஏற்றுவாள். டவர் கிடைக்கும் இடமாகப் போய் அதைப் பார்த்துத்தான் மலைக்காரர்கள் கிழங்கையே பிடுங்குவார்கள்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். கிளவுட் கணக்கு திறக்க ஃபோன் நம்பரும் கார்டும் வேண்டும். அவள் வீட்டில் டவர் கிடையாது. மலையடிவாரத்துக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கேஸ், ரேஷன், பேங்க், எதுவானாலும் டவுனில் இருக்கிற சொந்தக்காரர் நம்பரைத்தான் கொடுப்பார்கள். டேவிட்டுக்கு கள்ளக்குறிச்சியில் செல்போன் கடையில் வேலை. “உங்கண்ணன் நம்பரயே குடேன், கார்டும் அவன்கிட்ட இருக்கு” என்று நான்தான் சொன்னேன். கணக்கும் அவன் பெயரிலேயே ஆனது. அவன் ஓடிபி படித்துச் சொன்னான், இவள் அடித்தாள்.

போன வருடம் சென்னைக் கம்பெனி ஒன்று சர்வர் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டது. ஜூலியா எழுதிப் போட்டாள். ஆன்லைன் பரீட்சையில் தேறினாள். நேர்காணல் தேதியை ஃபோனில் சொல்வோம், சொந்தமாக நடத்தும் சர்வர் இருந்தால் காட்டலாம் என்று மெயில் வந்தது. கடையிலேயே குதித்தாள். ஃபோன் நம்பர்? டேவிட் நம்பர்தான்.

“எனக்கும் கொஞ்சம் கத்துக்குடு ஜூலி, இண்டர்வியூவுக்கு நான் கேள்வி கேட்டு உன்ன ரெடி பண்றேன்” என்றான் டேவிட். பூரித்துப் போனாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இரண்டு பேரும் உட்கார்வார்கள். ஒவ்வொரு கட்டளையும் எதற்கு, எங்கே தப்பு வரும் என்று ஒரு முழு நோட்டு எழுதிக் கொடுத்தாள்.

மூன்று வாரம் போனது. “ஃபோன் வந்துச்சாண்ணா?” என்று தினம் கேட்பாள். “இன்னும் இல்ல பாப்பா.” அம்மாவோ, “மாதாகிட்ட வேண்டிக்கினுதாம்மா இருக்கேன், வரும்” என்பார். இவள் அதையும் என்னிடம் வந்து சந்தோஷமாகச் சொல்வாள்.

ஒரு வியாழக்கிழமை காலை. சர்வருக்குள் போக கட்டளை அடித்தாள். அனுமதி இல்லை என்றது. மறுபடி அடித்தாள். அனுமதி இல்லை. தன் மேல்தான் சந்தேகப்பட்டாள், பைத்தியக்காரி! இரண்டு நாள் ஒவ்வொன்றாய்ச் சோதித்தாள். வேடியப்பன் கூப்பிட்டு, “இன்னாம்மா, ஒம் பக்கத்துல பழைய வண்டிக் கணக்கே நிக்குது? ஜனங்க கெழங்கப் புடுங்கிட்டு ரோட்ல நிக்குது” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இஞ்ஞாசியம்மாள் என்னையும் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். கேசரி கிளறி வைத்திருந்தார். “டேவிட்டுக்கு சென்னையில வேல கெடச்சிருக்கு கலையரசி. ஜூலி பண்ற அதே வேலதான்” என்று கிண்ணத்தை நீட்டினார்.

ஜூலியா அண்ணனைப் பார்த்தாள். “எந்தக் கம்பெனிண்ணா?”

அவன் பெயரைச் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை.

“சர்வர்லேர்ந்து என்னை வெளிய தள்ளுனது நீயா?”

“இண்டர்வியூல, வேற யாரு சர்வருக்குள்ள வருவாங்கன்னு கேட்டாங்க. யாரும் இல்லன்னு சொல்லிட்டேன். அப்புறம் நீ உள்ள இருந்தா எப்பிடி? கணக்கு என் பேர்லதான இருக்கு? நீயும் நானும் சேந்து பண்ணதுதான?”

“சேந்தா? ஒரு வரி அடிச்சியா நீ?” என்று கத்தியது நான். ஜூலியா கத்தவில்லை. “எனக்கு ஃபோன் வந்துதான் இருக்கு, இல்ல?” என்றாள்.

இஞ்ஞாசியம்மாள் குறுக்கே வந்தார். “அவன இன்னாத்துக்குக் கேக்கற? கம்பெனி ஃபோன் வந்த அன்னிக்கி அவன் வூட்டுக்கு வந்து என்னக் கேட்டான். நான்தான் இப்பிடிப் பேசச் சொன்னேன். பொண்ணுக்கு விருப்பம் இல்லீங்க, கல்யாணம் பண்ணப் போறோம், அந்த வேலய எங்க பையன் பாப்பான்னு. நீ இன்னொரு வூட்டுக்குப் போறவ. வேல யாருக்குக் கெடச்சா இன்னா, நம்ம வூட்டுக்குத்தான?”

“எப்பம்மா?”

“அது ஆவுது மூணு வாரம்.”

மூன்று வாரம்! அந்த மூன்று வாரமும்தான் மாதாவிடம் வேண்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். ஜூலியா எழுந்து வந்து என் வண்டியில் ஏறினாள். கச்சிராயபாளையம் வரும் வரை என் முதுகில் முகத்தை வைத்து அழுதாள். “அவன் பண்ணான், சரி. அம்மாவுமாக்கா?” இதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். துரோகம் என்ற சொல்லை எத்தனையோ முறை போகிற போக்கில் சொல்லியிருக்கிறேன். அன்றுதான் அதன் கனம் தெரிந்தது.

கள்ளக்குறிச்சியில் லேடீஸ் ஹாஸ்டலில் சேர்ந்தாள். கடையின் பழைய கம்ப்யூட்டரிலேயே கிழங்குப் பக்கத்தைப் புதிதாக எழுதினாள். ஆனால் வேலைக்கு எங்கும் எழுதிப் போடவில்லை. நான் கேட்டால், “போடலாம்க்கா” என்பதோடு சரி. வீட்டுப் பக்கம் போகவே இல்லை.

இரண்டு மாதம் கழித்து, நல்ல கூட்ட நேரத்தில், டவுன் பஸ்ஸில் இஞ்ஞாசியம்மாள் வந்து இறங்கினார். முகம் வாடியிருந்தது. நேராக மகள் மேசைக்குப் போனார்.

“ஜூலி, ஒங்கண்ணனுக்கு அங்க ஒன்னும் புரியலையாம்மா. சர்வர் படுத்துக்கிச்சாம். நாளைக்குள்ள சரி பண்ணலன்னா அனுப்பிடுவாங்களாம். ஒனக்கு ஃபோன் பண்ண பயப்படறான். ரெண்டு வார்த்த சொல்லிக் குடும்மா.”

அவளுக்குச் சரிசெய்யத் தெரிந்திருக்கும். ஒரு வரி, இரண்டு வரி. இந்த ஏமாளி செய்துகொடுத்துவிடுவாளோ என்று பயந்தேன். ஜூலியா எழுந்து அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். கடை ஃபோனை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“நீயே கம்பெனிக்கு ஃபோன் போட்டுச் சொல்லிடும்மா, பையனுக்கு விருப்பம் இல்லன்னு. உனக்குச் சொல்ல வருந்தான?”

இஞ்ஞாசியம்மாள் கையில் ஃபோனோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். ஜூலியா தன் மேசைக்குத் திரும்பி, பட்டாவுக்காக நின்ற பெரியவரிடம் ஆதார் அட்டையைக் கேட்டு வாங்கினாள்.