மாலை ஐந்தரை மணி நிழல்

அரசுக் கட்டடத்தைப் படமெடுக்க விண்ணப்பித்தவருக்குப் பதினான்கு வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்த விதியைத் தட்டச்சு செய்தவனே நான்தான். பாடாங் செராய் ஊரில் ஓர் அரசு அலுவலகத்தின் தலைமைக் குமாஸ்தாவாக ஓய்வுபெற்று, அங்கேயே விண்ணப்பமும் போட்டேன். மூன்று பிரதிகள்.

நூலகத்தில் பார்த்த ஒரு பழைய புகைப்படத் தொகுப்புதான் காரணம். நவீனக் கட்டடங்கள் புதிதாக முளைத்த காலத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். சுவர் வெறும் சாக்கு, நிழலைத்தான் எடுத்திருந்தார்கள். எங்கள் அலுவலக மொட்டைமாடி விளிம்பில் வரிசையாக நிற்கும் கான்கிரீட் பலகைகளும் அந்த வகைதான் என்று அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷம் அவற்றுக்குக் கீழே கோப்புப் பார்த்தவன், ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை. இப்போது மாடி ஒழுகுகிறதென்று பலகைகளை இடித்துவிட்டுத் தகரக் கூரை போடப் போகிறார்கள். அதற்குள் எனக்கு ஒரு படம் வேண்டும்.

பதினான்கு நாளும் போயின. விசாரித்தேன். என் கடிதம் ‘பிறகு பார்க்கலாம்’ தட்டில் பத்திரமாக இருந்தது. அந்தத் தட்டை அறிமுகப்படுத்தியதும் நான்தான்.

நொந்துபோய் எதிரே தையல்கடை வாசலில் உட்கார்ந்து விதியை மறுபடி வாசித்தேன். கட்டடம் என்றுதான் இருந்தது. நிழலைப் பற்றி ஒரு வரி இல்லை! நிமிர்ந்து திரும்பினேன். மணி ஐந்தரை. அந்தப் பலகைகளின் நிழல் தெருவைத் தாண்டி, தையல்கடையின் வெள்ளைச் சுவரில் பட்டை பட்டையாக ஏறிக்கொண்டிருந்தது.

கடைக்கார அம்மாவிடம் சுவருக்கு அனுமதி கேட்டேன். விண்ணப்பம் எழுதித் தரட்டுமா என்றும் கேட்டுவிட்டேன், பழக்கதோஷம்.

"நிழலுக்கு எதுக்கண்ணே லெட்டர்? அது ஒருநாள்கூட எம்.சி. லீவு போடாம வருது. உங்க ஆபீஸ்ல அப்படி ஒருத்தர் உண்டா?"

முதல் நாள் மழை. இரண்டாம் நாள் சுவரோரம் ஒரு லாரி. மூன்றாம் நாள் வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. சுவரோரம் காயப்போட்ட பள்ளிச் சீருடைகளைக் கடைக்கார அம்மா வாரிக்கொண்டு ஓட, நான் நடுத்தெருவில் குந்தி, எழுந்து, பின்னால் நகர்ந்து, ஒரு மோட்டார் சைக்கிள்காரரிடம் திட்டு வாங்கினேன். வெயில் அலுவலக மாடிக்குப் பின்னால் போவதற்குள் பதினோரு படங்கள். ஒன்றில் மட்டும் கறுப்புப் பட்டைகள் கத்தியால் வெட்டியது போல விழுந்திருந்தன. இந்த வயதில் தெருவில் நின்று விசிலடித்தேன்.

மறுவாரம் பலகைகள் இறங்கின.

பதிலும் வந்தது: அனுமதி வழங்கப்படுகிறது, கட்டடத்தின் தோற்றத்தை மாற்றாமல் படமெடுக்கவும். அது என் கைக்கு வந்தது, புதுத் தகரம் கண்ணைக் கூசவைத்த சித்திரை இரண்டாம் தேதி.