பேதிக்குக் குடித்த ஞாயிறு

கோட்டாற்று எண்ணெய்க் கடைகளைக் கடக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பேன். அப்படியும் விளக்கெண்ணெய் வாசனை உள்ளே வந்துவிடும். கூடவே அந்த ஞாயிற்றுக்கிழமையும்.

மூன்று மாதமாக உடம்பெல்லாம் அரிப்பு. நாடி பார்த்த வைத்தியர், "வயிறு கழியணும். பேதிக்குக் குடிச்சா தல சுத்தும். கூட இருக்க ஆளு உண்டுமா?" என்றார்.

உண்டு என்றேன். இல்லை. மனைவி பிரிந்து வடசேரியில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் துணைக்கு வர முடியுமா என்று போனில் கேட்டேன்.

"வாறேன். பேதி நின்னதும் போயிருவேன்."

விடிந்ததும் வந்தாள். சுக்கு வெந்நீரில் எண்ணெயைக் கலந்து நீட்டினாள். "மூக்கப் பொத்திட்டு ஒரே மடக்கு."

ஏழு தடவை போனதும் மோர் குடித்து நிறுத்த வேண்டும் என்பது வைத்தியர் சொன்ன கணக்கு. ஒவ்வொரு முறை நான் வெளியே வரும்போதும், "எத்தன?" என்பாள். நாலு வரை உண்மையைச் சொன்னேன். அப்போது அவள் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அடுத்த முறையும் "நாலு" என்றேன்.

"இப்பம் போனது?"

"வெறும் காத்து. அது கணக்கில்ல."

"காத்துக்கா இத்தன வாளி தண்ணி?"

குடல் முறுக்கியது, விட்டது, மறுபடி முறுக்கியது. எட்டாம் முறை எழ முடியவில்லை. கழிவறைச் சுவரில் சாய்ந்து ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கதவுக்கு வெளியே அவள் செருப்பில்லாத காலடி.

"எட்டு," என்றேன் உள்ளிருந்து.

"தெரியும். நானும் எண்ணிட்டுதான் இருக்கேன்."

கதவு சாத்தியிருந்ததால்தான் சொல்ல முடிந்தது. "ஒங்க அம்ம செத்து எடுத்த அன்னைக்கு பஸ் கிடைக்கலன்னு சொன்னேன்லா. பஸ் இருந்துச்சு. கவியரங்கத்துல எங் கவிதைய வாசிச்சிட்டுப் போலாம்னு இருந்துட்டேன்."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"அதும் தெரியும்," என்றாள். "ஆறு வருசமா நீங்களே சொல்லுவியளான்னு பாத்துட்டு இருந்தேன்."

அழுகை வந்தது. வயிற்றைப் போலவே அதையும் என்னால் அடக்க முடியவில்லை. அவள் அழவில்லை. கதவைத் தள்ளித் திறந்து, உப்புப் போட்ட மோரைக் கையில் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உடம்பு காகிதம்போல் லேசாகக் கிடந்தது. ஊதினால் பறந்துவிடும், ஊத ஆளில்லை.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினாள்.

"கஞ்சி குக்கர்ல இருக்கு, சூடாக்கிக் குடிங்கோ. பகல்ல ஒறங்கப்பிடாது, கேட்டியளா? என்னய இனி போன்ல விளிக்கண்டாம்."