இரண்டு பேருக்கு ஒரு லேத்

தான் நம்பாத ஒரு சடங்கை, அதை நம்புகிறவனின் நிம்மதிக்காக ஒருவன் செய்து கொடுக்கலாமா? செய்தால் அது அன்பா, ஏமாற்றா? அந்தோணி இப்படியெல்லாம் கேட்கிற ஆள் இல்லை. அவர் வாழ்க்கை கேட்டது. நான் சில புத்தகங்களில் பதில் தேடியிருக்கிறேன். எழுதியவர்கள் யாருக்கும் இன்னொருவனோடு ஒரு லேத்தைப் பங்கு போட்டுக்கொள்ள நேர்ந்ததில்லை என்று தோன்றியது.

அவரை உத்தமர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. முன்கோபி. மின்விசிறி யார் பக்கம் திரும்ப வேண்டும் என்பதற்காக ஒரு கோடை முழுவதும் பக்கத்து மெஷின் ராஜாவோடு பேசாமல் இருந்தவர். ஒன்று மட்டும் உண்டு: முடியாது என்றால் முகத்துக்கு நேராக முடியாது என்பார், அதற்கு நொண்டிச்சாக்கு சொல்லமாட்டார்.

மராட்டிய ஊரான கட்கியில் நாங்கள் வேலை பார்த்த தொழிற்சாலையில் அவருக்குக் காலை ஷிப்ட். இரும்பு கடையும் அதே லேத்தில் மாலை ஷிப்ட் கிருஷ்ணாவுக்கு. இருவரும் போபோடியில் ஒரே சந்து, இருவர் பூர்வீகமும் ஆற்காட்டுப் பக்கம். ஆனாலும் ஒருவரையொருவர் அதிகம் பார்த்தது ஷிப்ட் மாறும் அந்தப் பத்து நிமிடத்தில்தான். ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டே விலக, மற்றவர் சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டு வந்து நிற்பார்.

வருடத்தில் ஒருநாள் அந்தப் பத்து நிமிடம் ஒரு மணி நேரமாகும். தசராவுக்கு முந்தைய நாள், மராட்டியர்களுக்குக் கண்டே நவமி, நமக்கு ஆயுத பூஜை. ஷெட் முழுக்கச் செண்டுமல்லி வாசனையும் கிரீஸ் வாசனையும் கலந்து கிடக்கும். இன்றைக்கும் செண்டுமல்லியை எங்காவது முகர்ந்தால் எனக்குக் கோவில் நினைவு வருவதில்லை, அந்த ஷெட்தான் வருகிறது. அந்தோணி காலையிலிருந்தே லேத்தை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, இண்டு இடுக்கெல்லாம் துடைத்து, எண்ணெய் போட்டுப் பளபளவென்று நிறுத்தியிருப்பார். அதற்கு மேல் ஒரு அடி வைக்கமாட்டார். பொட்டு, எலுமிச்சை, தேங்காய் எல்லாம் கிருஷ்ணாவின் பாடு.

"குளிப்பாட்டி உட்டு பொட்டு வைக்காம நிறுத்திக்கிறியே, அது இன்னா பாவம் பண்ணுச்சு?" என்பார் கிருஷ்ணா.

"பொட்டு வச்சா தேயற டூல் தேயாம இருக்குமா? உன் வேலைய நீ பாரு."

தேங்காய்த் தண்ணீர் லேத்தில் சிந்தினால் துருப்பிடிக்கும் என்று அந்தோணி துணியோடு பாய்வார். "அரே, சாமிக்கு ஊத்துன தண்ணிய இன்னமா தொடைக்கிறான் பாரு!" என்று ராஜா கத்துவார். கூட்டமே சிரிக்கும். பிரசாதத்தை அந்தோணி வாங்கமாட்டார். மறுநாள் தசராவுக்கு மராட்டியர்கள் வீடு தேடி வந்து தருகிற ஆப்டா இலையை மட்டும், தங்கம் என்று சொல்லித் தருகிறார்களே அதை, இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். எது சரி, எது கூடாது என்று அவருக்குள் ஒரு கோடு இருந்தது. அது எங்கே ஓடுகிறது என்று மற்றவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. கிருஷ்ணா வைத்த பொட்டை அவர் ஒருபோதும் துடைத்ததில்லை. அது தானாகத் தேய்ந்து மறையும்வரை அதைச் சுற்றியே துடைப்பார்.

ஒரு வருடம் நவமிக்கு நாலு நாள் இருக்கையில் கிருஷ்ணாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன். எழுந்து நடக்கவே ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அவர் மனைவி பவுன் ஒரு குங்குமப் பொட்டலத்தோடு அந்தோணியின் வீட்டுக்கு வந்தார். நான் அப்போது வேறு வேலையாக அங்கே உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணே, அவரு தூங்கறதே இல்ல. மிசினு பொட்டில்லாம நிக்கப்போவுதே, சும்மா நிக்கப்போவுதேன்னு பொலம்பிக்கினே கிடக்காரு. அவங்க அண்ணனுக்கு ரெண்டு விரலு துண்டாச்சே, அந்த வருசம் அந்தப் பட்டறையில பூஜ போடலியாம். அதுலேர்ந்து அந்த பயம்."

"ஷெட்டுல அத்தினி பேரு இருக்கான். ராஜாவ வைக்கச் சொல்றேன்மா."

"நானும் அதத்தாண்ணே சொன்னேன். மிசினுல கை வைக்கறவன்தான் வைக்கணுமாம். ஒண்ணு அவரு, இல்லன்னா நீங்க. வேற கை கூடாதாம்."

அந்தோணியின் மனைவி அமலா அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தார். "ஏம் பவுனு, இவரு வைக்கமாட்டாருன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிதாங்கா வந்தேன்." பவுன் குரலைத் தாழ்த்தினார். "வைக்க வேணாம்ணே. வச்சேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. போதும். நீங்க சொன்னா அந்த மனுசன் நம்பிடும். பயமில்லாம மிசினுகிட்ட போவும்."

"நம்பிடுவான். அதனாலதாம்மா சொல்ல முடியாது" என்றார் அந்தோணி.

பவுன் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்துபோனார். அன்றைக்கு அதை அந்தோணி தொடவில்லை. திருப்பியும் அனுப்பவில்லை.

நவமியன்று மத்தியானம் எல்லா மெஷினிலும் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. ஷிப்ட் முடிந்தும் அந்தோணி கிளம்பவில்லை. துடைத்த லேத்தையே திரும்பத் துடைத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்து, விரலை நன்றாகத் துணியில் துடைத்துக்கொண்டு, லேத்தின் தலைப்பக்கம் மூன்று பொட்டு வைத்தார். கும்பிடவில்லை, கற்பூரம் காட்டவில்லை. எண்ணெயில் குங்குமம் வழுக்கிக் கீழே வழிந்தது. அதைப் பார்த்தபடி கொஞ்சம் நின்றுவிட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ராஜாவுக்குக்கூட அன்றைக்குக் கிண்டல் செய்யத் தோன்றவில்லை.

கிருஷ்ணா வேலைக்குத் திரும்பிய அன்று லேத்தைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "எவன்யா வச்சது? நெத்தி எங்க, மூக்கு எங்கன்னு தெரியாதவன்."

"நாந்தான்" என்றார் அந்தோணி, கையைத் துடைத்துக்கொண்டே.

கிருஷ்ணா அவரைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார். மெஷினை ஓட விட்டார். அதற்குப் பிறகும் இருவரும் பல வருடம் அந்த லேத்தில் நின்றார்கள். ஒவ்வொரு நவமிக்கும் கிருஷ்ணாவே பொட்டு வைத்தார், அந்தோணி தேங்காய்த் தண்ணீரைத் துடைத்தார். வேலைக்குப் பயந்து கிருஷ்ணா ஒருநாள்கூட வராமல் இருந்ததில்லை.

மீதியை அமலா சொல்லித்தான் அறிவேன். அந்த நவமிக்கு அடுத்த ஞாயிறு, சர்ச் பூசையில் ஃபாதர் தருகிற நன்மையை, பாவம் தீராதவர்கள் வாங்கக்கூடாத அந்த அப்பத்தை, வாங்க எல்லாரும் எழுந்து வரிசையில் போனபோது அந்தோணி எழவில்லை. "வரலியா?" என்று அமலா கேட்டதற்கு, "நீ போ" என்றார். கிறிஸ்துமஸுக்கும் அப்படியே. பொட்டு வைத்த விஷயம் காதுக்கு எட்டியதும் ஃபாதர் அவரை வாசலில் நிறுத்தி, "இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா? பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்து நன்மை வாங்குப்பா, முடிஞ்சுது" என்றாராம். அந்தோணி மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். செய்ததற்கு வருந்துகிறேன் என்று சொல்லவேண்டிய அந்தப் பாவசங்கீர்த்தனத்துக்கு அவர் போகவில்லை. ஓய்வு பெற்று, கிருஷ்ணாவும் காலமாகி, போபோடிக்கு மெட்ரோ வந்த பின்னும், ஒரு ஞாயிறு தவறாமல் அமலாவோடு கோவிலுக்கு நடந்துபோய், பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, நன்மைக்குப் போகிறவர்களுக்கு வழிவிட்டு முழங்காலை ஒடுக்கிக்கொள்கிறார்.