குளத்தைக் காட்ட மறுத்த மகன் மீது ஒரு பிராது

உங்களுக்கெல்லாம் வேறு வேலையே கிடையாதா?

பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கப் போட்டோ எடுத்துக்கொண்டேன் என்று போன வாரம் இந்தப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அவ்வளவுதான்! "எங்கே பயணம்? மருமகளுக்கு மூணாவதா? பையனா பொண்ணா?" என்று ஆளாளுக்குக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். ஒரு வாசகி, பிரசவ லேகியம் விமானத்தில் கொட்டாமல் இருக்க எப்படிக் கட்ட வேண்டும் என்று யோசனையே சொல்லிவிட்டார். யாரம்மா உங்களைக் கேட்டது?

சிதம்பரம் மேல வீதியில் போட்டோ எடுத்தவரும் இதையேதான் கேட்டார். முகவாயைக் கொஞ்சம் தூக்கச் சொன்னார். தூக்கினேன். "மருமவளுக்கு இது எத்தினியாவது மாசம்மா?" என்றார். தூக்கிய முகவாயை நான் இறக்கவே இல்லை. போட்டோவில் யாரையோ அடிக்கக் கிளம்பினவள் மாதிரி இருக்கிறேன். இருக்கட்டும். விசா கொடுக்கிறவர்களுக்கு முன்கூட்டியே தெரிவது நல்லதுதானே?

சரி, விடமாட்டீர்கள். சொல்லித் தொலைக்கிறேன்.

நான் ஒரு குளத்தைப் பார்க்கப் போகிறேன். இங்கிலாந்தில் இருக்கிறது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ரோமாபுரிக்காரர்கள் கட்டிய வெந்நீர்க் குளம். பாதி இடிந்து போய்விட்டதாம். ஆனால் பூமிக்குள்ளிருந்து வருகிற வெந்நீர் மட்டும் இன்னும் நிற்கவில்லை. விறகு வேண்டாம், கேஸ் வேண்டாம். சுடச்சுட வந்துகொண்டே இருக்கிறது.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் மகன் செந்தில் லண்டனில் இருக்கிறான். அவன் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்த படம் ஒன்று ஒட்டியிருக்கும். பச்சைத் தண்ணீர், சுற்றிலும் தூண்கள், மேலே புகை மாதிரி ஆவி. கல்யாணமான புதிதில் அவனும் மருமகள் வித்யாவும் போய் வாங்கி வந்தது.

முதல் பேத்தி பிறந்தபோது ஆறு மாசம் அங்கே இருந்தேன். அடுத்தது பேரன், அதற்கு ஆறு மாசம். ஒரு வருஷம் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று பால் காய்ச்சியிருக்கிறேன். லண்டனைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்... குப்பை வண்டி செவ்வாய்க்கிழமை வரும். வாஷிங் மெஷினில் மூன்றாவது பொத்தானை அழுத்தக் கூடாது. அவ்வளவுதான் லண்டன்.

முதல் தடவை என் வீட்டுக்காரரும் கூட வந்தார். அப்போது உயிரோடு இருந்தார். அவரைக் கூட்டிக்கொண்டு போய் அரண்மனை காட்டினான், ஆற்றுப் பாலம் காட்டினான், சிவப்புச் சட்டைச் சிப்பாய்க்குப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தான். எனக்கு?

"யம்மா, நீ கொழந்தைய பாத்துக்க. நாங்க செத்த நேரத்துல வந்துடறோம்."

என் கதை மட்டுமா இது? எதிர்வீட்டு மும்தாஜ் பரங்கிப்பேட்டைக்காரி. மகன் துபாயில். அவளும் போய் வந்தவள்தான். "அந்த உசரமான கட்டடம் இருக்குல்லக்கா, அத நானும் பாத்தேன்... ஜன்னல்ல இருந்து, கையில பால் பாட்டிலோட" என்பாள். அப்பா போனால் ஊர் சுற்றிப் பார்க்க. அம்மா போனால் பிள்ளை பார்க்க. இந்தச் சட்டத்தை யார் போட்டது? நான் கையெழுத்துப் போடவில்லையே!

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செந்தில் வீடியோவில் வந்தான்.

"யம்மா, பசங்களுக்கு ஸ்கூல் லீவு வருது. எங்க ரெண்டு பேருக்கும் ஆபீஸ். நீ வந்துட்டீன்னா நிம்மதி."

"வரேன். ஆனா மொதல்ல எனக்கு அந்தக் கொளத்தக் காட்டணும்."

"எந்தக் கொளம்?"

"ஃப்ரிட்ஜுல இருக்குதே, அது."

சிரித்தான். "அது இடிஞ்சு கெடக்கிற கொளம்மா. ட்ரெயின்ல போவணும், நெறைய நடக்கணும். ஒன் முட்டிக்கு ஆவாது. நான் இங்க முருகன் கோயிலுக்கு இட்டுக்கிட்டுப் போறேன்."

"முருகன் எனக்கு இங்கியே பஸ் ஏறுற தூரத்துல இருக்காரு. அவரப் பாக்கவா காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு ஃப்ளைட்டுல வரணும்? ரெண்டு பிள்ளைங்களையும் இடுப்புல வெச்சிக்கிட்டு மாடி ஏறுனப்ப ஆன முட்டி, கொளத்துக்கு மட்டும் ஆவாதா?"

"பாக்கலாம்மா" என்றான்.

அவன் அப்பாவும் இதே 'பாக்கலாம்' சொல்லித்தான் என்னைக் காலம் முழுக்க ஓட்டினார். அது வேண்டாம் என்பதற்கு மரியாதையான பெயர். எனக்குத் தெரியாதா?

நான் பாட்டுக்கு மூட்டை கட்ட ஆரம்பித்தேன். சீயக்காயை வெயிலில் காயவைத்து, வெந்தயம், பூலாங்கிழங்கு போட்டு மெஷினில் கொடுத்து அரைத்தேன். நல்லெண்ணெய் ஒரு பாட்டில். வெந்நீர்க் குளம் என்றால் வெள்ளிக்கிழமை பார்த்துப் போய், எண்ணெய் தேய்த்து, பொறுமையாக ஒரு முழுக்குப் போட வேண்டாமா? பிள்ளை வளர்த்த வீட்டில் நான் குளித்ததெல்லாம் ஒரு குளியலா? தலையில் சொம்புத் தண்ணீர் விழுவதற்குள் உள்ளே ஒன்று அழும். பக்கத்து வீட்டு மல்லிகா வேறு, "புண்ணிய தீர்த்தமா இருக்கும் போல, எனக்கும் ஒரு சின்ன பாட்டில்ல தண்ணி கொண்டாங்கக்கா" என்று காலி பாட்டிலைக் கழுவிக் கொடுத்துவிட்டாள்.

வித்யாவிடம் போனில் பெருமையாக இதைச் சொன்னேன்.

"அத்த... அங்க குளிக்க முடியாது."

"ஏன், பொம்பளைங்க எறங்கக் கூடாதா?"

"யாருமே எறங்கக் கூடாது அத்த. தண்ணிய கையால தொடக்கூடாதுன்னு போர்டே வெச்சிருக்காங்க. நல்ல தண்ணி இல்ல. சுத்தி வந்து பாக்குறதுதான்."

குளிக்க முடியாத குளம்! எனக்குச் சப்பென்று போய்விட்டது, மறைக்கவில்லை. அரைத்த சீயக்காய் என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது. அப்புறம் யோசித்தேன். நம்ம நடராஜர் கோயில் சிவகங்கைக் குளத்தில் நான் என்ன தினமும் நீச்சலா அடித்தேன்? படியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்ததே எத்தனை நாள் நிம்மதி கொடுத்திருக்கிறது! "பரவால்ல, பாத்தா போதும்" என்றேன்.

வித்யாவுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரைப் பார்த்து அந்தக் குளத்தின் கதையை எனக்கு வாசித்துச் சொன்னாள். அந்த ஜனங்களும் எண்ணெய் தேய்த்து, வழித்தெடுத்து, வெந்நீரில் ஊறுவார்களாம். குளத்துக்கு ஒரு அம்மன் உண்டாம். குளிக்கிறபோது கரையில் வைத்த துணியை எவனாவது திருடிவிட்டால், துணியைப் பறிகொடுத்தவர் ஒரு ஈயத் தகட்டில் அம்மனுக்குப் புகார் எழுதி, சுருட்டித் தண்ணீரில் போடுவாராம். "என் துணிய எடுத்தவன சும்மா விடாதே"ன்னு!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இது நம்ம கொளஞ்சியப்பர் பிராதுடி!"

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். விருத்தாசலம் பக்கத்தில் இருக்கிறார் கொளஞ்சியப்பர். முருகன்தான். நகை காணோம், மாடு காணோம், அண்ணன் தம்பி தகராறு என்று எது வந்தாலும் எங்கள் பக்கத்து ஜனம் அவருக்கு ஒரு மனு எழுதிக் கோயிலில் கட்டிவிட்டு வரும். மூன்று மாசத்துக்குள் அவர் விசாரித்துத் தீர்த்துவைப்பார் என்பது நம்பிக்கை. தீர்ந்த பிறகு மறக்காமல் போய் ராஜினாமா எழுதிக் கொடுத்து, வழக்கை வாபஸ் வாங்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு செந்திலிடம் சொன்னேன். "இட்டுக்கிட்டுப் போவலன்னா ஒம்மேல பிராது கட்டிடுவேன்."

"கட்டிக்க, கட்டிக்க" என்று சிரித்தான்.

சிரித்தானா? மறுநாள் காலையிலேயே சேத்தியாத்தோப்பு வழியாகப் போகிற விருத்தாசலம் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அங்கே பிராது எழுதித் தருகிறவர் பேனாவைத் திறந்தார்.

"யாரு மேலம்மா?"

"எம்மவன் மேல."

"சொத்துத் தகராறா?"

"இல்ல. கொளம்."

"அடப்பாவமே, கொளத்த ஆக்கிரமிச்சிட்டாரா?"

"காட்ட மாட்டேங்கிறான்."

அவர் பேனாவை மூடினார். நான் முழுக் கதையையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் பேனாவைத் திரும்பத் திறந்து, "எங்கம்மாவும் தங்கச்சி பிரசவத்துக்கு பெங்களூர் போயிட்டு வந்தாங்க... எதையும் பாக்கல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார். நான் பேச்சில் சொன்னதை அவர் மனு பாஷையில் போட்டார். 'மேற்படி மகன் இரண்டு முறை தாயாரை வரவழைத்து, சமையலறை நீங்கலாக வேறெதையும் காட்டாமல் திருப்பி அனுப்பியுள்ளார்.' என்ன அழகு! கட்டுவதற்கு முன்னால் அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வித்யாவுக்கு இல்லை. அவனுக்கே.

திரும்பி வருகிற பஸ்ஸில் போன் அடித்தது. பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி அலறினான்.

"பெத்த புள்ள மேலியாம்மா பிராது கட்டுவ? எனக்கு எதாச்சும் ஆயிடுச்சின்னா?"

"ஆவாது. நாலாவது வரியப் படி. 'கை கால் வலி எதுவும் வேண்டாம், புத்தி மட்டும் கொடுத்தால் போதும்'னு தனியா எழுதச் சொல்லியிருக்கேன்."

பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

"ஒரு கொளத்துக்குப் போயி இவ்ளோ ஜாஸ்தியா பண்ணணுமா? மொத ரெண்டு தடவ வந்தியே, எங்கயாச்சும் போவணும்னு ஒரு வார்த்த கேட்டியா நீ?"

"நீ வயித்துல இருந்தப்ப மாங்கா வேணும்னு கேட்டியா? நானே தெரிஞ்சு தின்னேன். ஒங்கப்பாவ மட்டும் எதக் கேட்டு இட்டுக்கிட்டுப் போன? அவரும்தான் கேக்கல. ரெண்டு தடவ வந்தேன்டா. போறப்ப ஏர்போர்ட்டுல வெச்சாவது 'அம்மா, ஒனக்கு என்ன பாக்கணும்னு ஆசை'ன்னு கேப்பியான்னு பாத்தேன். பெட்டிக்கு எடை சரியா இருக்கான்னுதான் கேட்ட."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். ஆனால் விட்டுக்கொடுப்பேனா? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"என்னிக்குப் போவணும்?" என்றான் கடைசியில். குரல் இறங்கியிருந்தது.

"புதன்கெழம. சனி ஞாயிறு வேணாம். பசங்க வேணாம். அதுங்க தண்ணி பாட்டில், பிஸ்கட் பை எதுவும் வேணாம். எங்கையில என் பை மட்டும்தான் இருக்கணும்."

போனை வித்யா பிடுங்கிக்கொண்டாள். "அத்த, நானும் வரேன்! நான் லீவு போட்டுடறேன். கல்யாணமாயி போனப்ப இவரு அவசரப்படுத்தியே பாதி பாக்க விடல. நாம ரெண்டு பேரும் சாயங்காலம் வரைக்கும் உக்காந்து பாப்போம்."

"அப்ப பசங்க?" என்று பின்னாலிருந்து அவன் குரல் வந்தது. வித்யா எனக்கு ரயில் நேரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டிக்கெட் போட்டாயிற்று. புது பாஸ்போர்ட் வந்ததும் கொடுக்க விசா மனுவும் எழுதியாயிற்று. வருகிற காரணம் என்ற இடத்தில் செந்தில் 'குடும்பத்தைப் பார்க்க' என்று போட்டிருந்தான். 'சுற்றிப் பார்க்க' என்று மாற்ற வைத்தேன். இப்போது தினமும் போன் செய்து, "யம்மா, அந்த ராஜினாமாவ மட்டும் எழுதிக் குடுத்துட்டு வந்துடேன்" என்கிறான். மாட்டேன். குளத்தைக் கண்ணால் பார்த்து, ஊர் திரும்பி, அப்புறம்தான் விருத்தாசலம் பஸ். கொளஞ்சியப்பருக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

நேற்று மல்லிகாவும் மும்தாஜும் விஷயம் கேட்க வந்து உட்கார்ந்தார்கள். எல்லாம் சொன்னேன். தண்ணீர் எடுக்க முடியாது என்று மல்லிகாவின் பாட்டிலையும் திருப்பிக் கொடுத்தேன். அவளுக்கு அதில்கூட வருத்தமில்லை. அவள் கவலையெல்லாம் வேறு.

"அது சரிக்கா... நீங்களும் மருமவளும் கெளம்பிட்டா, அன்னிக்கு அந்தப் பிள்ளைங்கள யாரு பாத்துக்குவா?"

"அன்னிக்கு ஒரு நாளைக்கு அதுங்களுக்கு அப்பா இருக்காருடி!" என்றேன்.